பட்டுச்சு டைலரின் மொண்ணை வாள்

கொல்லிமலையில் மிளகு விளையும், மரவள்ளி விளையும், சாமையும் தினையும் விளையும். இவற்றோடு, என் பொறுமையை வேரோடு பிடுங்குவதற்கென்றே அங்கே ஒரு மனிதரும் விளைந்திருந்தார். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல்கடை வைத்திருந்த அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் மலை முழுக்க அவர் பெயர் ‘பட்டுச்சு’தான். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; எடப்புளி நாட்டிலிருந்து ஜாக்கெட் துணியோடு பஸ் ஏறி வருகிறவர்கள்கூட, “ஏனுங்க, பட்டுச்சு கடை தொறந்திருக்குங்களா?” என்றுதான் விசாரிப்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை என் தோள்பட்டையைக் கேட்டால் அழுதுகொண்டே சொல்லும்.

நான் அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக மாற்றலாகிப் போனபோது, அவர் கடைக்கு மேலே இருந்த அறைதான் வாடகைக்குக் கிடைத்தது. தண்ணீர் தாராளம், காற்றோட்டம் பிரமாதம், கீழே தையல் மிஷின் சத்தம் தவிர வேறு தொந்தரவு கிடையாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். வாளைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஜாக்கெட் தைக்கிறவருக்கு வாள் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அருவி பார்க்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், அக்குளில் கிழிந்துபோன தடித்த மேலங்கி ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தாராம். டைலர் பிரித்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகத் துணியும் பஞ்சும்.

“இது குளிருக்குங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லை, அடிக்கு” என்றிருக்கிறார் பெங்களூர்க்காரர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போனை எடுத்து வீடியோவையும் காட்டிவிட்டார். பழைய காலத்து ஐரோப்பியப் படைக்காரர்கள் இடுப்பில் தொங்கவிட்ட வளைந்த வாளுக்கு சேபர் என்று பெயர். அதை எப்படி வீசுவது, எப்படித் தடுப்பது என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் எழுதி வைத்ததைப் படித்து, முனையையும் விளிம்பையும் மழுக்கிய வாளோடு முகமூடி மாட்டிக்கொண்டு போட்டி போடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். இருந்துவிட்டுப் போகட்டும். செம்மேட்டுக்கு ஏன் வந்தார்கள்? டைலர் அந்த வீடியோவைப் பார்த்து முடிப்பதற்குள் அடுப்பிலிருந்த சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது என்று அவர் மனைவி பூங்கொடியக்கா இன்றைக்கும் சொல்வார். கூலி எவ்வளவு என்று கேட்ட பெங்களூர்க்காரரிடம், “கூலி கெடக்குதுங்க, இன்னொண்ணு காட்டுங்க” என்றாராம் டைலர். மனம் நெகிழ்ந்துபோன அந்த மனிதர் ஊருக்குப் போனதும் தன்னுடைய பழைய பயிற்சி வாளையும் முகமூடிகள் இரண்டையும் பார்சலில் அனுப்பிவிட்டார். அவர் என்றைக்காவது என் கண்ணில் பட்டால் இருக்கிறது கச்சேரி.

வாள் வந்த வாரமே டைலர் கடைச் சுவரில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டார். வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கோட்டு முனையில் எண்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு வெட்டுவது என்பதற்கான படம் அது. ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் அதைப் பார்த்து இவர் மாந்திரீகம் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வட்டத்துக்குக் கீழே வைத்து, பசு மாடு பால் கொடுக்க மாட்டேனென்கிறது, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று கும்பிட்டார். இவர் அவரை உட்காரவைத்து, “அது சாமி இல்லீங்க, நாலாம் நம்பர் வெட்டுங்க” என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பக்தியோடு கேட்டுவிட்டு, போகும்போது சாக்பீஸ் தூளை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு போனார்.

சுவரோடு சண்டை போட்டு அலுத்த பிறகுதான் அவர் பார்வை மாடிப்படியில் ஏறியது.

“சார், ஞாயித்துக்கெழம என்னங்க பண்றீங்க?”

“தூங்குவேன் டைலரே.”

“தூங்கறத எப்ப வேணா தூங்கிக்கலாம் சாமி. எதுக்க நிக்க ஒரு ஆளு வேணுங்க. சும்மா நின்னாப் போதும்.”

சும்மா நின்றால் போதும் என்று சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடி வாங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மூங்கில் பிரம்பில் பிடி கட்டி என் கையில் கொடுத்தார். பழைய சாக்கையும் ஜமுக்காளத்தையும் அடுக்கித் தைத்து எனக்கென்று ஒரு அங்கி செய்தார். அளவெடுத்து, கழுத்துக்குப் பட்டி வைத்து, மாப்பிள்ளைக்குத் தைப்பதுபோலத் தைத்தார் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நான் நின்றால் மரவள்ளி மூட்டைக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. சந்தைக்கு வந்த திருப்புலி நாட்டு மிளகுக்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “வாத்தியாருக்கு என்னங்க ஆச்சு? யாரு கட்டி வெச்சது?” என்று பதறிப்போனார்.

சரி, அடியாவது ஒழுங்காக அடித்தாரா என்றால் அதுவும் இல்லை. மனிதருக்கு வாள் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துப் பழகிய எனக்கு, எது ஏறும் எது ஏறாது என்று தெரியும். வெட்டுவதற்கு முன்னால் முகத்துக்கு நேரே வாளை உயர்த்தி ஒரு வணக்கம் வைக்கவேண்டும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்த வணக்கத்தை வலது, இடது, வானம், பூமி என்று சந்துபொந்தெல்லாம் வைத்து முடிப்பதற்குள் எனக்கு வெயில் ஏறிவிடும். பொறுக்க முடியாமல் பிரம்பால் ஒன்று போடுவேன். உடனே நின்றுவிடுவார். இடது கையைத் தூக்கி, இரண்டு விரலால் அடிபட்ட இடத்தைத் தொட்டு, கணீரென்று சொல்வார்.

“பட்டுச்சு!”

அதுதான் அந்த விளையாட்டின் மரியாதையாம். நடுவர்கள் கொடி பிடித்துக்கொண்டு சுற்றி நின்றாலும் எல்லா அடியும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவனுக்குத் தெரியும். தெரிந்தவன் தானே சொல்லிவிடவேண்டும். வாள் வீச்சில் ஒரு வீச்சுகூட உருப்படியாக வராத மனிதருக்கு இது மட்டும் முதல்நாளே வந்துவிட்டது.

வாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாயோடும் ஒட்டிக்கொண்டது. “கை பிடிக்குது, இப்பிடியா தைப்பீங்க?” என்று ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்து ஒரு பெண் சண்டைக்கு வருவார். வேறு டைலராக இருந்தால், நீ பெருத்துவிட்டாய், துணி சுருங்கிவிட்டது என்று பொழுது சாயும்வரை வாதாடுவார். இவர் ஜாக்கெட்டைப் பார்ப்பார், இரண்டு விரலால் நெஞ்சைத் தொடுவார், “பட்டுச்சுங்க.” மலையிறங்கி மலையேறித் தயார் செய்துகொண்டு வந்த வசவெல்லாம் அப்படியே மிச்சப்பட்டு, அந்தப் பெண் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நிற்பார்.

இதைவிடப் பெரிய கூத்து அவர் மச்சான் விவகாரத்தில் நடந்தது. பூங்கொடியக்காவின் தம்பிக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பலாமரம் யாருடையது என்று தகராறு. ஊர்க்கூட்டம் போட்டார்கள். மச்சான் தரப்பில் பேச டைலரை அழைத்துக்கொண்டு போனார்கள். எதிராளி எழுந்து, “அந்த மரத்துக்கு வேலி கட்டுனது எங்கப்பன். அன்னிக்கு நீங்க யாராச்சும் வந்து கேட்டீங்களா?” என்றார். கூட்டம் டைலர் பக்கம் திரும்பியது. டைலர் எழுந்தார். பதில் சொல்லப்போகிறார் என்று மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு விரல் நெஞ்சுக்குப் போனது. மரம் போயிற்று. மச்சான் டைலர் வீட்டு வாசல்படி மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

பூங்கொடியக்கா பொறுமைசாலி. கல்யாண சீசனில் தைக்கவேண்டிய ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்துகிடக்க, வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்ததையும் அவர் பொறுத்துக்கொண்டார். பலாமரம்தான் தாங்கவில்லை. பெங்களூரில் போட்டி, பெயர் கொடுத்திருக்கிறேன் என்று டைலர் சொன்ன அன்றைக்கு, என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

“போயிட்டு வாங்க. நான் வேண்டாங்கல. ஒரே ஒரு ஆட்டம் செயிச்சிட்டு வாங்க, அப்பறம் நீங்களாச்சு, உங்க கத்தியாச்சு. ஒண்ணுகூட செயிக்கலீன்னா, அந்தக் கத்திய ஊட்டுக்குப் பின்னால பொடக்காளீல அவரைக்கொடிக்கு ஊணிருவேன். மறுக்கா வாளு கீளுன்னு பேச்சே இருக்கக் கூடாது. சம்மதங்களா?”

டைலர் யோசித்தார். இரண்டு விரல் மெல்ல மேலே ஏறியது.

“பட்டுச்சு. சம்மதம்.”

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்ததுபோல இருந்தது. இவர் ஒரு ஆட்டம் ஜெயிப்பதாவது! இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். அந்த நல்ல காரியத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் துணைக்குக் கிளம்பினேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

துணித் தானுக்குள் வாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். யாராவது கேட்டால் தையல் துணி என்று சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கீழே பஸ் மாறும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார இடம் கேட்டு, “இது என்னங்க, துணிங்களா?” என்று பேச்சுக்குத்தான் கேட்டார். “வாளுங்க” என்றார் இவர். பெரியவர் எங்களுக்கு மொத்த சீட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.

போட்டி ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. எல்லோருக்கும் வெளிநாட்டு அங்கி, பளபளக்கும் கையுறை. இவர் மட்டும் தானே தைத்த ஜமுக்காள அங்கியில், நீலப் பட்டையும் சிவப்புப் பட்டையுமாக நடந்துபோனார். பாதுகாப்புப் பார்க்கிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் தன்னுடைய பிய்ந்துபோன தோள் பட்டையைக் காட்டி, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடிந்தது கதை. பையிலிருந்து ஊசி நூலை எடுத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார் டைலர். கொஞ்ச நேரத்தில் செம்மேடு சந்தைபோல வரிசை நின்றது.

“டைலரே, நீங்க தைக்க வந்தீங்களா, ஆட வந்தீங்களா?”

“பிஞ்சு போயி நிக்கறாங்க சார். பாத்துட்டு எப்பிடிங்க சும்மா இருக்கறது?”

நடுநடுவே எழுந்துபோய்த் தோற்றுவிட்டு வந்தார். முதல் ஆட்டத்தில் இவர் வணக்கம் வைத்து முடிப்பதற்குள் எதிராளி இரண்டுமுறை வாளைக் கை மாற்றிக்கொண்டார். ஆட்டம் அந்த வணக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். ஒவ்வொரு தோல்வியிலும் எனக்கு நிம்மதி ஏறவேண்டும். ஏறவில்லை. என்னவோ காலையில் சாப்பிட்ட பூரி சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு. நல்ல ஆட்டக்காரி. ஆனால் காலையிலிருந்து கவனித்ததில் எனக்கு ஒரு ரகசியம் தெரிந்திருந்தது. அவளுடைய வலது கையுறை மணிக்கட்டுக்குமேல் கிழிந்திருந்தது. அங்கே அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் கையை முழுசாக நீட்டாமலே ஆடிக்கொண்டிருந்தாள். கையை நீட்டாதவளை இவர்கூட ஜெயித்துவிடலாம். இந்த அரிய கண்டுபிடிப்பைச் சொல்ல ஓடினேன். மூலையில் டைலர் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தார். எதிரே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தைத்துக்கொண்டிருந்தது அவளுடைய கையுறையை.

“ரெட்டைத் தையல் போட்டிருக்கேன் கண்ணு. இனிமே தகிரியமா நீட்டு” என்றார் அவளிடம்.

நான் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். சுவரெல்லாம் கண்ணாடி.

ஆட்டம் தொடங்கியது. அவள் தைரியமாக நீட்டினாள். ஆனால் அன்றைக்கு இவருக்கு என்ன ஆனதோ, கடைச் சுவரில் போட்ட கோடுகளெல்லாம் ஒரு வழியாகக் கையில் இறங்கியதுபோல ஆடினார். தடுத்தார், திருப்பி வீசினார், பட்டது. அவள் ஒன்று, இவர் ஒன்று. புள்ளிகள் சமமாகி, இன்னும் ஒரே ஒரு அடியில் ஆட்டம் முடியும் என்று வந்து நின்றது. அவரைக்கொடிக்குக் கம்பா, வாளா என்பது அந்த ஓர் அடியில் இருந்தது. தூங்குவதற்காக வேண்டிக்கொண்டு வந்த நான் நாற்காலிமேல் ஏறி நின்று, “நாலாம் நம்பர்! நாலாம் நம்பர்!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். டைலரின் வாள் அவள் முகமூடியில் டங்கென்று விழுந்தது. கூடமே கேட்டது. சுற்றி நின்ற நடுவர்களின் கொடிகள் இவர் பக்கம் உயர்ந்தன. ஜெயித்துவிட்டார்! நான் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் டைலர் அசையாமல் நிற்கிறார். இடது கை மேலே போகிறது.

“வேண்டாம் டைலரே!” என்று கத்தினேன்.

இரண்டு விரல் வலது மணிக்கட்டைத் தொட்டது.

“பட்டுச்சுங்க. நான் போடறதுக்கு முந்தியே பட்டுருச்சு.”

தலைமை நடுவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஒருவர் சொன்னார். நடுவர் நம்பாமல் மறுபடி கேட்டார். அந்தப் பெண்ணே முகமூடியைக் கழற்றிவிட்டு, “அண்ணா, எனக்கே தெரியலையே. பட்டுச்சா?” என்றாள். நான் சும்மா இருப்பேனா? “படலைங்க! நான் பார்த்தேன், படவே இல்லை!” என்று நாற்காலிமேலிருந்து கூவினேன்.

டைலர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

“கை என்னுதுங்க சார்” என்றார்.

கொடிகள் இறங்கின. புள்ளி அவளுக்குப் போனது. அவள் வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி, வலது, இடது, வானம், பூமி என்று அவர் வைக்கிற அதே நீளமான வணக்கத்தை அவருக்கு வைத்தாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டி என்ன பிரயோஜனம்? கைதட்டலை அவரைக்கொடிக்கு ஊன்ற முடியுமா?

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டபோது மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு கோடு தடித்திருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“ஊட்டுல செயிச்சேன்னு சொல்லிடுங்க. நான் ஆமாம்ங்கறேன். அக்கா என்ன பெங்களூர் வந்து விசாரிக்கவா போறாங்க?”

இதைச் சொன்னது நானேதான். இவர் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போன அதே ஆள். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

“அது செரிப்பட்டு வராதுங் சார்” என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், பூங்கொடியக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே, “ஒண்ணும் செயிக்கல புள்ள” என்றார். நேராகக் கொல்லைக்குப் போனார். தன் கையாலேயே குழி பறித்து வாளை நட்டு, அவரைக்கொடியின் நுனியை எடுத்து அதன்மேல் சாய்த்துக் கட்டினார். பிறகு மிஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தூங்கலாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். புரண்டேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சாக்கு அங்கியை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே மிஷின் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பொறுக்காமல் அந்தக் கோலத்திலேயே இறங்கிப் பூங்கொடியக்காவிடம் போனேன்.

“அக்கா, பேசினது பேசினதுதான். ஆனா அந்த மனுசன் பாவமா இருக்குது.”

“எனக்கு மட்டும் இல்லீங்களா சார்? வந்ததுலருந்து வாயே தொறக்கல. நானும் வேணும்னே திட்டிப் பாக்கறேன், ஒண்ணுக்கும் பட்டுச்சுன்னு சொல்லமாட்டேங்கறாரு. எதுத்தாப்பல செவுரு இருக்கறாப்பல இருக்குதுங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நீங்கதான அன்னிக்கு எல்லாஞ் சொன்னீங்க, யாருமே பாக்காத அடிய எடுத்துச் சொல்லிட்டு வாராரே, பொழைக்கத் தெரியாத மனுசன்தானுங்களே?”

“பொழைக்கத் தெரிஞ்சவரா இருந்தா உங்ககிட்ட வந்து செயிச்சேன்னு சொல்லியிருப்பாருக்கா. பஸ்ஸுல நானே சொல்லச் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. அங்க ஒரு பொய் சொல்லத் தெரியாதவரு, உங்ககிட்டயும் ஒரு பொய் சொல்லமாட்டாரு. அந்தக் கத்திய எடுத்துட்டு, பொய் சொல்லத் தெரிஞ்ச ஒரு மனுசனைக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?”

பூங்கொடியக்கா என்னைப் பார்த்தார். என் சாக்கு அங்கியைப் பார்த்தார். மிஷின் ஓடுகிற திசையைப் பார்த்தார். பிறகு அவருடைய இரண்டு விரல் மெதுவாக ஏறி, தாலிக்குப் பக்கத்தில் நெஞ்சைத் தொட்டது.

“பட்டுச்சுங்க சார்.”

கொல்லைக்குப் போனார். அந்தச் சில நாளில் அவரைக்கொடி வாளைச் சுற்றி இரண்டு வளைவு போட்டிருந்தது. ஒரு இலைகூட ஒடியாமல் அதைப் பிரித்து, ஒரு மூங்கில் கம்பை நட்டு அதில் ஏற்றிவிட்டார். வாளை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்து, “நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க” என்றார். உள்ளே போய் நான் அதைச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. மிஷின் சத்தம் ஏற்கெனவே நின்றிருந்தது.

எனக்கு இப்போது சமவெளியில் வேலை. பக்கத்தில் டைலர் யாரும் இல்லை, வாளும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கலாம். தோள்பட்டை வலியும் சுத்தமாகப் போய்விட்டது, அது போனதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.